கற்றல் குறைபாடும் உதவிக் கருவிகளும்: குண்டூர் நாட்டை முன்னிட்டு ஓர் இறையியல் நோக்கு

சீர்திருத்தத் திருச்சபை தமிழகத்தில் கால் வைத்த நாள் முதல் வாசிப்பும் விசுவாசமும் இணைந்தே வந்துள்ளன. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஒருபுறம் பள்ளிகளைத் தொடங்கினார். மறுபுறம் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். திருமறை ஒவ்வொரு விசுவாசியின் கையிலும் இருத்தல் வேண்டும், அதை அவர் தாமே வாசித்தறிதல் வேண்டும் என்பது நமது மரபின் உயிர்நாடி. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்கு அது விடுதலையின் வாயிலாயிற்று என்பதில் ஐயமில்லை.

ஆனால் இம்மரபுக்கு மறுபக்கமும் உண்டு. வாசிப்பை விசுவாசத்தின் வாயிலாக்கிய நாம், வாசிக்க இயலாத பிள்ளையை அந்த வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடக்கூடும். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பிக்க இயலாத சிறுவன், திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேச வினாவிடையை வாசிக்கச் சொன்னதும் தலைகுனியும் சிறுமி ஆகியோர் நம் சபைகளில் இல்லை என்று கூற முடியாது. இவர்களுள் சிலரின் இடர்ப்பாடு சோம்பலும் அன்று, அறிவுக் குறைவும் அன்று. கற்றல் குறைபாடு ஆகும். இக்குறைபாடு யாது, அதற்குத் துணைபுரியும் செயலிகளும் கருவிகளும் எவ்வாறு இயங்குகின்றன, கொல்லிமலையின் குண்டூர் நாடு போன்ற ஓர் இடத்தில் அவற்றால் விளையும் பயன் யாது, இவற்றைக் குறித்துத் திருமறை நமக்கு உணர்த்துவது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. குறைபாட்டின் தன்மை

1896ஆம் ஆண்டு பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அவன் கூர்மையான அறிவுடையவன், கணக்கில் தேர்ந்தவன், கண்பார்வையிலும் குறையில்லை. ஆயினும் பல ஆண்டுகள் கற்பித்தும் எளிய சொற்களைக்கூட அவனால் வாசிக்க இயலவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடைபெறுமாயின் பள்ளியிலேயே அவன்தான் முதன்மையானவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் மார்கன் பதிவு செய்தார். இன்று நாம் டிஸ்லெக்சியா என்று வழங்கும் வாசிப்புக் குறைபாட்டின் தொடக்ககால மருத்துவ விவரணங்களுள் இது ஒன்று. அந்த ஆசிரியரின் கூற்றை ஆயர்கள் ஊன்றிக் கவனித்தல் நலம். குறை, பிள்ளை அறிவைப் பெறும் ஆற்றலில் இல்லை. அறிவு அவனை வந்தடையும் வழிகளுள் ஒன்றில்தான் உள்ளது.

வாசிப்பில் இடர்ப்படுவது டிஸ்லெக்சியா. எழுதுவதில் இடர்ப்படுவது டிஸ்கிராஃபியா. எண்களைக் கையாள்வதில் இடர்ப்படுவது டிஸ்கால்குலியா. இவை ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் காணப்படலாம். வாசிப்புக் குறைபாட்டின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை. பேச்சொலியைச் சிறு கூறுகளாகப் பிரித்துணர்ந்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய எழுத்துடன் விரைந்து இணைக்கும் ஆற்றலில் அது உள்ளது. மற்றப் பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் தானாகவே படிந்துவிடும் இவ்விணைப்பு, இப்பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டிய உழைப்பாக நிற்கிறது. எழுத்துக் கூட்டுவதிலேயே வலிமை முழுவதும் செலவாகிவிடுவதால், வாக்கியத்தின் பொருளைப் பற்றிக்கொள்ள வலிமை எஞ்சுவதில்லை.

2. தமிழ் எழுத்தில் எழும் இடர்கள்

எழுத்தும் ஒலியும் பெரிதும் ஒத்துச் செல்லும் மொழி தமிழ். ஆகவே ஆங்கிலத்தில் காணும் குழப்பம் இங்கே குறைவு. எனினும் தமிழுக்கே உரிய இடர்கள் சில உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளைப் பிள்ளை அறிதல் வேண்டும். ல, ள, ழ என்பனவும், ர, ற என்பனவும், ந, ன, ண என்பனவும் ஒலியால் நெருங்கியவை. பேச்சுவழக்கில் வேறுபாடு மங்கிய இடங்களில் எழுத்தை மட்டுமே நம்பி அவற்றை நினைவில் வைக்க வேண்டியுள்ளது. ‘கே’ என்பதில் மெய்யொலி முதலிலும் உயிரொலி பின்னரும் பிறக்க, எழுத்திலோ உயிரின் குறி முன்னே நிற்கிறது. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் சூழ்ந்து நிற்கிறது. கேட்கும் வரிசையும் காணும் வரிசையும் இவ்வாறு முரண்படும் இடங்களில் குறைபாடுள்ள பிள்ளை தடுமாறுவது இயல்பே.

இவற்றோடு திருமறையின் நடையும் சேர்கிறது. 1871இல் ஹென்றி பவரின் தலைமையில் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு நம் சபைகளின் நாவில் ஊறிய நூல். அதன் இனிமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் புணர்ச்சியால் நீண்ட சொற்கள் அதில் மலிந்துள்ளன. ‘வந்திருந்தவர்களுக்கெல்லாம்’ என ஒரே தொடராக நிற்பதை, ‘வந்து இருந்தவர்களுக்கு எல்லாம்’ எனப் பிரித்துக் காட்டினால் எளிதில் வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை, னை, ளை முதலியன ஒரே முறையில் அமைந்தன. அதற்கு முந்திய அச்சில் உள்ள திருமறைப் பிரதிகளும் ஞானப்பாட்டு நூல்களும் இன்றும் பல வீடுகளில் புழங்குகின்றன. தான் பள்ளியில் கற்ற எழுத்தும் ஆலயத்தில் காணும் எழுத்தும் வேறாயிருத்தல் தடுமாறும் பிள்ளைக்கு மேலும் ஒரு சுமையாகும்.

3. மலைநாட்டின் நிலை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை 14 நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. குண்டூர் நாடு அவற்றுள் ஒன்று. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் சாலை இம்மலையைச் சமவெளியோடு இணைக்கிறது. மலையாளி என்னும் பழங்குடி மக்களே இங்குப் பெரும்பான்மையினர். அவர்கள் பேசுவது தமிழே. எனினும் அது மலைக்கே உரிய வழக்குகளைக் கொண்டது. சாமை, கேழ்வரகு, மிளகு, காப்பி, பலா ஆகியவற்றைச் சார்ந்த உழைப்பே வாழ்வு. பெற்றோர் பலர் கூலி வேலைக்காக மலையிறங்கும் காலங்களும் உண்டு.

இத்தகைய இடத்தில் நாம் முதலில் கொள்ள வேண்டியது நிதானம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் அனைவரும் கற்றல் குறைபாடு உடையவர் அல்லர். வீட்டுமொழிக்கும் பாடநூல் மொழிக்கும் இடையே உள்ள தொலைவு, பள்ளிக்கு ஒழுங்காகச் செல்ல இயலாமை, சத்துக்குறைவு, கண்டறியப்படாத பார்வைக் குறை, செவிக் குறை ஆகிய ஒவ்வொன்றும் அதே தோற்றத்தைத் தரும். தக்க கற்பித்தல் கிடைத்தும், புலன்கள் நலமாக இருந்தும், பிற துறைகளில் அறிவு துலங்கியும், எழுத்தில் மட்டும் தடை நீடித்து நிற்குமாயின் அப்போதே கற்றல் குறைபாட்டை ஐயுறல் வேண்டும். மலைவழக்கைக் குறைபாடு என்று முத்திரையிடுவது ஒரு பிழை. மெய்யான குறைபாட்டை ‘மலைப்பிள்ளைகள் இப்படித்தான்’ என்று தள்ளிவிடுவது அதனினும் பெரிய பிழை. முன்னது பிள்ளையின் மொழியை இழிவுபடுத்துகிறது. பின்னது பிள்ளையையே கைவிடுகிறது.

இம்மலையின் திருப்பணி வரலாறும் நமக்கு ஒரு நெறி காட்டுகிறது. 1913இல் மணம் புரிந்து இங்கே குடியேறிய ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் இருவரும் நற்செய்தியோடு மருத்துவம், கல்வி, வேளாண்மை ஆகியவற்றையும் இணைத்துப் பணியாற்றினர். 1929இல் ஜெசி காய்ச்சலால் மறைந்தார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைமக்களை விட்டு நீங்காமல் 1974இல் மறைந்தார். 1914இல் பிறந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட் கொல்லிமலையில் தம் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர். பின்னர் அவர் வேலூரில் தொழுநோயாளரின் கைகளை அறுவை மருத்துவத்தால் சீரமைத்துப் புகழ் பெற்றார். கையைச் சீரமைத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. உணர்விழந்த பாதத்திற்கு மென்மையான ரப்பர் செருப்பையும், உணர்விழந்த கைக்கு ஏற்ற பிடியுடைய கருவிகளையும் அமைப்பதில் கருத்தூன்றினார். மனிதரைக் கருவிக்கேற்ப வளைக்காமல், கருவியை மனிதருக்கேற்ப அமைத்தல் என்பதே உதவித் தொழில்நுட்பத்தின் முழுக் கொள்கை. கொல்லிமலைக்கு அது அயல்நாட்டுச் சரக்கு அன்று. அம்மலையில் வளர்ந்த பிள்ளை ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் செய்து காட்டியது.

4. கருவிகள் இயங்கும் முறை

கற்றல் குறைபாட்டிற்குத் துணைபுரியும் செயலிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, எழுத்தைப் பேச்சாக்குவன. 1976இல் ரே கர்ஸ்வைல் பார்வையற்றோருக்கென உருவாக்கிய வாசிப்புப் பொறி ஒரு மேசையை அடைக்கும் அளவினது. அதன் பணியை இன்று கைபேசியே செய்கிறது. அச்சிட்ட பக்கத்தை ஒளிப்படம் எடுத்தால் செயலி எழுத்துகளை அடையாளம் கண்டு ஒலியாக்கிப் படிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தமிழ்க் குரலும் உண்டு. படிக்கும் சொல் திரையில் ஒளிர்ந்து காட்டப்படுமாயின் கண்ணும் செவியும் ஒருங்கே பயில்கின்றன.

இரண்டாவது, பேச்சை எழுத்தாக்குவன. 2017இல் கூகுள் நிறுவனம் தன் குரல்வழித் தட்டச்சைத் தமிழுக்கும் விரிவாக்கியது. எழுதத் தடுமாறும் மாணவர் தம் கருத்தைச் சொல்லி எழுத்தாகப் பெறலாம். ஆயினும் இது பொதுத்தமிழைப் பழகிய கருவி. மலைவழக்கை அது பிறழக் கேட்கக்கூடும். அப்போது பிழை பிள்ளையின் நாவில் அன்று, கருவியின் செவியிலேயே உள்ளது என்பதை ஆசிரியர் பிள்ளைக்குத் தெளிவாக்க வேண்டும்.

மூன்றாவது, வாசிப்பைப் பயிற்றுவிப்பன. 2019இல் ‘போலோ’ என்னும் பெயரில் வெளிவந்து 2020இல் தமிழையும் சேர்த்துக்கொண்ட செயலி, பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டுத் தவறும் இடத்தில் சொல்லை உச்சரித்துக் காட்டியது. சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் பேச இயலாத பிள்ளைகளுக்காக ‘அவாஸ்’ என்னும் கருவியை உருவாக்கினர். பின்னர் சென்னை டிஸ்லெக்சியா சங்கத்துடன் இணைந்து வாசிப்புச் செயலி ஒன்றையும் தந்தனர். சொல்லைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டியும் குறிப்புகள் அளித்தும், விடையை உடனே சொல்லிவிடாமல் பிள்ளையைத் தானே வாசிக்கத் தூண்டுவது அதன் சிறப்பு. தொடக்கத்தில் அது ஆங்கில வாசிப்பை முன்னிட்டே அமைந்தது.

நான்காவது, பக்கத்தின் தோற்றத்தை மாற்றுவன. எழுத்துகளின் இடைவெளியைக் கூட்டியபோது குறைபாடுள்ள பிள்ளைகள் விரைவாகவும் பிழை குறைந்தும் வாசித்தனர் என்பதை இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டிற்று. வண்ணக் கண்ணாடி, தனி எழுத்துருக்கள் ஆகியவற்றைப் பற்றிய உரத்த விளம்பரங்களுக்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை. பெற்றோர் அவற்றிற்குப் பணம் செலவிடுமுன் ஆயர் எச்சரித்தல் தகும்.

மலையில் கைபேசிச் சமிக்ஞை எங்கும் ஒரே சீராகக் கிட்டுவதில்லை. ஆகவே இணையமின்றி இயங்குவனவற்றையே நாடல் வேண்டும். தமிழ்க் குரலை முன்னரே தரவிறக்கி வைத்துக்கொண்டால் பின்னர் இணையம் தேவையில்லை. இவை யாவற்றினும் எளிய கருவி ஒன்று உண்டு. வாசிக்க அறிந்த அண்டை வீட்டு அக்கா ஒருத்தி பாடத்தை நிதானமாக வாசித்துக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து கொடுத்தால் போதும். மலையின் வழக்கே அக்குரலில் ஒலிக்கும். இவ்வாறு செய்வது பதிப்புரிமைக்கு மாறானதோ என்று தயங்க வேண்டியதில்லை. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் பயனுக்காக நூல்களை அவர்களுக்கு ஏற்ற வடிவில் இலாப நோக்கின்றி மாற்றித் தருவதற்கு இடமளிக்கிறது.

5. கருவியோடு ஆசிரியரும்

பேச்சாக்கும் செயலி பாடத்தின் பொருளைத் தரும். வாசிக்கும் ஆற்றலை அது தானே தந்துவிடாது. அதற்கு முறையான, படிப்படியான கற்பித்தல் தேவை. எழுத்தை நோக்குதல், ஒலியைச் சொல்லுதல், விரலால் வரைதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் பலபுலன் முறையை டிஸ்லெக்சியா வல்லுநர்கள் இருபதாம் நூற்றாண்டில் வகுத்தனர். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லி மணலில் விரலால் எழுதினர் என்பதை ஈண்டு நினைவுகூரலாம். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர், இம்மணலெழுத்தைக் கண்டு வியந்து தம் பள்ளியில் கையாண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு இணைத்து 1797இல் நூலாக வெளியிட்டார். மேலைநாடுகளில் அது ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது. ஒரு தட்டு மணலும் பொறுமையுள்ள ஒரு மூத்த மாணவியும் குண்டூர் நாட்டில் கிடைக்காத பொருள்கள் அல்ல.

6. சட்டம் தரும் உரிமை

1995ஆம் ஆண்டுச் சட்டம் கற்றல் குறைபாட்டை ஏற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அதை 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. இச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் முறைகளை மேற்கொள்ளுமாறு கல்வி நிறுவனங்களைப் பணிக்கிறது. 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் துணைவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகி, மருத்துவரும் உளவியலாளரும் செய்யும் மதிப்பீட்டின் வாயிலாகச் சான்று பெறலாம். இவ்வழியை அறியாத பெற்றோருக்கு அறிவித்தலும், மலையிறங்கிச் செல்லும் நாளில் உடன் செல்லுதலும் ஆயரின் பணியில் அடங்கும். ஆயர் தாமே குறைபாட்டை முடிவு செய்தல் கூடாது. ஐயுற்று வழிகாட்டுதலே அவர் கடமை.

7. திருமறை காட்டும் நெறி

யாத்திராகமம் 4ஆம் அதிகாரத்தில் மோசே தன் நாவின் தடையைக் கூறி அழைப்பை மறுக்கிறான். அங்கே கடவுள் செய்வதும் செய்யாததும் ஒருங்கே சிந்திக்கத்தக்கவை. அவர் மோசேயின் நாவைக் குணப்படுத்தியதாகக் கூறப்படவில்லை. நாவு தடைப்பட்டவன் என்று அவனை விலக்கவும் இல்லை. ஆரோனை அவனுக்கு வாயாக அமைக்கிறார். அழைப்பு மோசேயினுடையது, சொல் கடவுளுடையது, வாய் மட்டும் ஆரோனுடையது. குறைபாடு நீங்கிய பின்னரே ஊழியம் என்பதன்று, குறைபாட்டோடு துணை பெற்று ஊழியம் என்பதே இங்குத் தரப்படும் முறைமை.

இதுபோன்றே எரேமியா உரைத்ததைப் பாரூக்கு எழுதினான். ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் பவுல் சொல்லத் தெர்தியு எழுதினான். பிறர் கையால் எழுதப்பட்டமையால் அந்நிருபம் பவுலுடையது அன்று என்று எவரும் வழக்காடுவதில்லை. அங்ஙனமாயின், தேர்வறையில் துணைவர் எழுதிக் கொடுத்த விடையைப் பிள்ளையினுடையது அன்று என்று நாம் எவ்வாறு கூறலாம்? நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டபோது லேவியர் மக்களிடையே நின்று பொருளை விளக்கினர். மக்கள் கேட்டே உணர்ந்து மகிழ்ந்தனர். விசுவாசம் கேள்வியால் பிறக்கிறது என்று ரோமர் 10ஆம் அதிகாரத்தில் பவுல் கூறும்போது, கண்ணால் வாசித்தலை அவர் நிபந்தனையாக வைக்கவில்லை. வெளிப்படுத்தலின் முகவுரை வாசிப்பவனோடு கேட்பவர்களையும் சேர்த்தே வாழ்த்துகிறது.

ஆயினும் ஆரோனைப் பற்றிய வரலாறு அத்துடன் முடிவதில்லை. மோசேக்கு வாயாக இருந்த அதே ஆரோன், மோசே இல்லாத நாள்களில் பொற்கன்றை வார்த்தான். துணைக்கருவி, தான் துணை செய்ய வேண்டியவரை மறந்து தானே முதன்மை பெறுமாயின் அதுவும் விக்கிரகமே. பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என ஆசிரியர் ஒதுங்குவதும், பாடச் செயலிக்கென வாங்கிய கருவி விளையாட்டிலும் வீண் காட்சியிலும் பிள்ளையைக் கட்டிவைப்பதும் இந்த அபாயத்தின் வடிவங்களே. கருவி மனித உறவின் கையில் நிற்க வேண்டும். அதன் இடத்தில் நிற்றல் ஆகாது.

8. சபையின் கடமைகள்

இவற்றினின்றும் நடைமுறைக்குரிய சிலவற்றைத் தொகுத்துரைப்போம். வழிபாட்டில் பிள்ளைகளை முன்னறிவிப்பின்றி எழுப்பித் திருமறை வாசிக்கச் சொல்லும் வழக்கத்தைக் கைவிடுவோமாக. வாசிக்க விரும்பும் பிள்ளைக்குப் பகுதியை ஒரு வாரம் முன்னரே, ஒலிப்பதிவோடும், பெரிய எழுத்தில் இடைவெளி விட்டு எழுதிய தாளோடும் கொடுப்போமாக. திடப்படுத்தலுக்கு எழுத்துத் தேர்வையும் நூற்பாடத்தையும் அளவுகோலாகக் கொள்ளாமல், விசுவாசத்தை அவர்தம் சொற்களிலேயே வாய்மொழியாக அறிக்கையிட இடமளிப்போமாக. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையிடம் பாட்டு, சித்திரம், நடிப்பு, வேளாண் அறிவு என எது துலங்குகிறதோ அதற்குச் சபையில் இடம் தருவோமாக. பிள்ளைகளின் குறைபாட்டைப் பிரசங்கத்தில் உவமையாக்கி அவர்களை நாணச் செய்யாதிருப்போமாக.

இறையியல் கல்லூரிகளாகிய நமக்கும் இது பொருந்தும். கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளில் இடர்ப்படும் மாணவர்களுள் சிலர் இளமை முதல் மறைத்து வந்த குறைபாட்டைச் சுமந்துகொண்டு வந்திருக்கலாம். ஊழிய அழைப்பு மெய்யானதாயிருந்தும் அவர்கள் வினாத்தாளின் முன் தோற்பார்களாயின், தோற்றது அவர்களா, நம் தேர்வுமுறையா என்று நம்மை நாமே வினவுதல் வேண்டும்.

சீகன்பால்கு நூலை மக்களின் கையில் கொடுத்தார். அந்நூலின் சொல்லை, அதை வாசிக்க இயலாதவரின் செவியிலும் சேர்ப்பது அப்பணியின் தொடர்ச்சியே. குண்டூர் நாட்டில் எழுத்தின் முன் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைக்கும் கடவுளின் அழைப்பு உண்டு. அப்பிள்ளைக்கு ஆரோனாக நிற்பவர் யார் என்பதே இன்று சபை விடையளிக்க வேண்டிய வினா.